இருட்டினால் கத்தும் பெட்டி

மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகுதான் "ஓம்" என்பார். ஓட்டில் மழை விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் நீட்டுவார்.

"சத்தம் மழையின்ரைதான் தம்பி. ஆனால் அது எங்கடை முத்தத்திலை பெய்யுதோ, ரீச்சர் வீட்டு முத்தத்திலை பெய்யுதோ எண்டு பாக்கவேண்டாமே?"

ரீச்சர் வீடு ஒழுங்கைக்கு அந்தப் பக்கம்தான். இரண்டு முற்றத்துக்கும் நடுவில் இரண்டு வேலிகளும் ஒரு மாட்டுவண்டி போகிற இடமும் மட்டுமே. அந்த இடைவெளியைக்கூட அவர் மழைக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கவில்லை.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் அவரை 'ரெலிபோன் அக்கா' என்று சொல்வார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் வரிக்கு வரி "உதை ஆர் சொன்னது?" என்று மறிப்பார். ஆகையால் நான் நேரில் கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் தவிர வேறெதையும் இதில் சேர்க்கவில்லை. ஆண்டுகளை இயன்ற மட்டும் சரிபார்த்திருக்கிறேன்.

நான் பழகிய காலத்தில் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு கண்ணும் தெரியாது. அது பிறவியில் வந்ததல்ல. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்து, கடைசியில் சாத்திக்கொண்டது. அதற்கு முன்பு அவர் ஒரு சின்னத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிறவராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்குக் கதைக்கவேண்டும் என்றால் அவரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரு பெரிய மனிதர் ஒருநாள் பொறுமை இழந்து, "இஞ்சை கதைக்கிறது ஆரெண்டு தெரியுமோ?" என்று அதட்டினாராம்.

"தெரியாது ஐயா. உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ, எழுதிக்கொள்ளுறன்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்டவர் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கதையைத் தொடர்வார். லைன் சரியில்லை என்று யார் சொன்னாலும் அவர் நம்பியதில்லை, சரி என்று சொன்னாலும் நம்பியதில்லை. தானே செருகி, தானே கேட்டுப் பார்ப்பார். "சொல்லிப்போட்டியள். நான் ஒருக்காப் பாக்கிறன்." இதுதான் அவருடைய வசனம். பார்வை போன பிறகும் அந்த வசனத்தை மாற்றவில்லை.

பார்வை குறைந்துகொண்டு போனதை அவர் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறார். இணைப்புக் கொடுக்கும் பழைய பலகையில் அழைப்பு வந்தால் ஒரு சின்ன மூடி 'டக்' என்று விழும். எந்த மூடி விழுந்தது என்பதைச் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். பிறகு புதுப் பலகை வந்தது. அதில் மூடி இல்லை, அழைப்பு வந்தால் கடுகளவு பல்ப் எரியும்.

"பல்ப் எரிஞ்சால் சத்தம் கேக்காதே தம்பி. ஒரு கிழமை சமாளிச்சன். பிறகு நானாகவே எழுதிக் குடுத்திட்டு வந்திட்டன்."

அது 1986 அல்லது 1987. இதில் மட்டும் எனக்கு நிச்சயமில்லை. அவரிடம் கேட்டபோது, "கண் போன வருசத்தைக் கலண்டரிலை பாத்தோ வைச்சிருப்பன்?" என்றுவிட்டார்.

வீட்டில் அவரும் தாயாரும்தான். 1991இல் தாயாருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடக்கை மட்டும் அசையும். அது போர்வையைப் பிடுங்கும், காற்றைத் துழாவும், கைக்கு எட்டியதைப் பிடிக்கும். நினைவும் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். அக்கா வழக்கம்போல அதை நம்பவில்லை. தாயின் இடக்கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "நான் உங்கடை மகளோ?" என்று கேட்டார். கை இறுக்கிப் பிடித்தது. நான் பக்கத்தில் நின்று சந்தோசப்பட்டேன். ஆனால் அவர் விடவில்லை.

"நான் முன்வீட்டு ரீச்சரோ?"

கை அதே மாதிரி இறுக்கிப் பிடித்தது.

"கண்டியளே, தம்பி? எல்லாத்துக்கும் பிடிக்கிறா. உது பதிலில்லை, வெறும் பிடி." கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அந்த நேரம் அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. முதல் பதிலோடு நிற்பாட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

சண்டை திரும்பத் தொடங்கி, மின்சாரம் 1990இன் நடுப்பகுதியில் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், நடுவில் கம்பியில் சுற்றிய ஒரு திரி. கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை அளவு சுடர். காற்றடித்தால் அணைந்து நூர்ந்துவிடும், எண்ணெய் வற்றினாலும் நூர்ந்துவிடும்.

தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் கிழமையில் ஒரு மாலை விளக்கு நூர்ந்து, ரீச்சர் வந்து திரும்பக் கொளுத்தினார். ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் நாற்பது வருடம் படிப்பித்து ஓய்ந்தவர். நல்ல மனம், உரத்த குரல், ஒழுங்கை முழுவதற்கும் வகுப்பாசிரியை. சுடர் எழும்பியதும் கிழவி முனகினார், கண்ணிலிருந்து நீர் ஓடியது.

"பிள்ளை, அம்மா இருட்டுக்குப் பயந்து போனா. பாவம், கண்ணீர் விடுறா. இனி விளக்கை நூர விடாதையும்" என்று ரீச்சர் சொன்னார்.

அக்கா "ஓம் ரீச்சர்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. பொழுதுபட்டால் தாயின் தலைமாட்டில் விளக்கு எரிகிறதா இல்லையா? நூர்ந்தால் தாயால் சொல்ல முடியாது. நூர்ந்ததை மகளால் காண முடியாது. இருவரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவர் இருட்டில் பயந்துகொண்டு கிடப்பது மற்றவருக்குத் தெரியாமல் போகும்.

போத்தலைத் தொட்டுப் பார்ப்பார். விரல் நுனிகளெல்லாம் தழும்பு. ஆனால் விளக்கு நூர்ந்த பிறகும் கண்ணாடி கொஞ்ச நேரம் சுடும். விரல் 'எரியுது' என்று சொல்லும், அறை இருண்டிருக்கும். ஒழுங்கையால் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார். ஒருநாள் ஒருவன் சைக்கிளை நிற்பாட்டாமலே "ஓமக்கா, எரியுது" என்று சொல்லிப்போட்டுப் போனான். அவன் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை என்பதை அவன் குரல் வந்த திசையை வைத்து அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"முதுகாலை பாத்துச் சொல்லுறான், குரங்கு."

நான் அப்போது வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் தொடாத ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. எலக்ட்ரோனிக்ஸ் தொடங்குகிறவர்களுக்கானது, பின்னட்டை இல்லை. அதில் ஒரு படம் கண்டேன். வெளிச்சம் போனால் சத்தம் போடுகிற ஒரு சின்னக் கருவி. 1992 மாசியில் அதை அவரிடம் சொன்னேன். தை என்று முன்பு ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன், அது பிழை. தோட்டங்களில் வெங்காயம் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒழுங்கை முழுக்க அந்த மணம் இருந்தது.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "பழைய பலகை மாதிரி" என்றார். "மூடி விழுகிற மாதிரி."

எனக்கும் எலக்ட்ரோனிக்ஸ் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன், அவர் கேள்வி கேட்பார், நான் திரும்பப் போய் வாசிப்பேன். கருத்து இவ்வளவுதான்: மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள். வெளிச்சம் படுமிடத்தில் ஒரு வாசல். வெளிச்சம் பட்டால் அது திறந்து மின்னோட்டம் சும்மா ஓடிவிடும். இருட்டினால் வாசல் சாத்தும். போக வழியில்லாத மின்னோட்டம் மற்றப் பக்கம் திரும்பி ஒலி எழுப்பும்.

அந்த வாசல்தான் கிடைக்காத சாமான். புத்தகத்திலிருந்த பெயரை எந்தக் கடையிலும் கேட்க முடியாத காலம். ஆனால் அதே புத்தகத்தில் வேறோர் இடத்தில், ரேடியோக்களில் வரும் பழைய ரான்சிஸ்டர்கள் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும், வெளிச்சம் பட்டால் அவை குழம்பும், அதற்காகவே கறுப்பு மை பூசியிருக்கிறார்கள் என்று இருந்தது. வாசித்துவிட்டு நான் அடுத்த பக்கம் திருப்பினேன்.

"நில்லுங்கோ" என்றார் அக்கா. "அப்ப, அந்தக் கறுப்பைச் சுரண்டினால்?"

அவருடைய பழைய ரேடியோவைக் கழற்றினோம். உள்ளே சின்ன விரலின் நுனியளவில் மூன்று கறுப்புக் குமிழ்கள் இருந்தன. பிளேட்டால் ஒன்றைச் சுரண்டினேன். மை போனது. உள்ளே வெள்ளையாக ஏதோ பசை நிரம்பியிருந்தது. இதற்குள் வெளிச்சம் போகாது என்று சொன்னேன். சொல்லிப்போட்டியள் என்றார். அதையும் கட்டிப் பார்த்த பிறகுதான் விட்டார்.

பிறகு நான் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நெல்லியடிக்குச் சைக்கிளில் போனபோது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ திருத்துகிறவரிடம் கேட்டேன். அவர் டைனமோவில் ரேடியோ பாடவைப்பதில் கெட்டிக்காரர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, ஊர் செய்தி கேட்கிற காலம் அது.

"என்னத்துக்குத் தம்பி?"

"விளக்கு நூந்தால் கத்துறதுக்கு."

"ஊருக்கே விளக்கில்லை. இது பொழுதுபட்டதிலையிருந்து விடியும்வரைக்கும் கத்தும், பறுவாயில்லையோ?" என்று சிரித்துக்கொண்டே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். அதில் இன்னும் பழைய குமிழ்கள் இருந்தன. மையைச் சுரண்டினால் கண்ணாடி தெளிவாக இருந்தது.

வேலை ஏன் அவ்வளவு நாள் இழுத்தது என்று சொல்லவேண்டும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிற மின்தடை என்ற சின்னச் சாமான்களின் அளவு அவற்றின்மேல் இருக்கும் நிறக் கோடுகளில்தான். நிறத்தை நான்தான் சொல்லவேண்டும்.

"நேற்று இதை மஞ்சள் எண்டனீங்கள்."

"இண்டைக்கும் மஞ்சள்தான் அக்கா."

"நாளைக்கும் ஒருக்காப் பாருங்கோ."

கம்பிகளை ஒட்ட ஈயம் வைப்பது அடுத்த கூத்து. மின்சாரம் இல்லாததால், மரப்பிடி போட்ட தடித்த செப்புக் கம்பியைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சி, ஓடிவந்து தொடவேண்டும். நான் ஒரு பற்று வைத்து முடிப்பேன். அவர் ஆறும்வரை பொறுத்திருந்து விரலால் பிடித்து இழுப்பார். பாதி கழன்று வரும்.

"இழுத்தால் கழருந்தானே அக்கா!"

"கழராதது எண்டுதானே வைச்சனீங்கள்?"

ஒலிக்கு, தொலைபேசி நிலையத்தில் அவர் காதில் மாட்டியிருந்த கேள்கருவி. உடைந்ததென்று கழித்தபோது கேட்டு வாங்கி வந்திருந்தார். பற்றறி, வெயிலில் காயவைத்து உயிர் பிடித்த நாலு செத்த பற்றறிகள், கடதாசிக் குழலுக்குள் வரிசையாக. எல்லாவற்றையும் ஒரு பால்மா வந்த தகர ரின்னுக்குள் அடக்கினோம். பகலில் முற்றத்தில் வைத்துக் கண்ணாடிக் குமிழை விரலால் மூடினார். ரின் "கீ..." என்று மெலிதாக, கொசு பாட்டுப் படிப்பதுபோலக் கத்தியது. விரலை எடுத்தார். நின்றது. திரும்ப மூடினார். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவர் முகத்தில் கண்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒன்றை நம்பிய முகம்.

அந்த நம்பிக்கை ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

சுடர் சின்னது என்பதால் குமிழைப் போத்தலோடு ஒட்டினாற்போல் வைத்திருந்தோம். நாலைந்து நாள் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு பின்னேரம், பொழுதுபட்ட கையோடு, நான் வாசிகசாலையைப் பூட்டிவிட்டு அந்த வழியால் வந்தேன். வீடு இருண்டிருந்தது. உள்ளே அக்கா தாயாரின் பக்கத்திலிருந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆர், தம்பியோ? வாருங்கோ. பாத்தியளே, எவ்வளவு நிம்மதி! எழும்பித் தொடவும் தேவையில்லை, ஒருத்தரைக் கேக்கவும் தேவையில்லை."

"அக்கா, விளக்கு நூந்துபோச்சு."

அவர் ரின்னின் பக்கம் காதைத் திருப்பினார். அது சத்தமில்லாமல் இருந்தது. போத்தலைத் தொட்டார். இளஞ்சூடு. குமிழைத் தொட்டார். அதுவும் சூடு. அந்த நேரம் ஆறிக்கொண்டு வந்த ரின் மெல்ல, வெட்கப்பட்டதுபோல, "கீ" என்று தொடங்கியது.

பிறகு புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தப் பழைய வகைக் குமிழுக்குச் சூடும் வெளிச்சமும் ஒன்றுதான். சூடு பட்டாலும் வாசல் திறந்துவிடும். விரலை ஏமாற்றிய அதே கண்ணாடி பெட்டியையும் ஏமாற்றியிருக்கிறது.

நான் தீப்பெட்டி தேடி விளக்கைக் கொளுத்தினேன். தாயார் கண்மூடிக் கிடந்தார். முகம் அமைதியாக இருந்தது.

"அம்மா நல்ல நித்திரை அக்கா. பயந்த மாதிரித் தெரியேல்லை."

"பயந்து களைச்சுப் போய்க் கிடக்கிறா. அது நித்திரையோ?" அவர் ரின்னைத் தள்ளி வைத்தார். "நான் பக்கத்திலை இருந்து நரியின்ரை கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறன், தம்பி. அவ இருட்டிலை கிடந்திருக்கிறா. நான் கதை சொல்லியிருக்கிறன்."

ஒரு மாதம் அந்த ரின்னை அவர் தொடவில்லை. திரும்ப விரல், திரும்பத் தழும்பு, திரும்ப ஒழுங்கையில் போகிறவர்கள்.

வழி நான் நினையாத இடத்திலிருந்து வந்தது. கரண்ட் போன பிறகு எல்லா வீட்டிலும் பல்புகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவர் வீட்டில் பியூஸான ஒரு வட்டப் பல்பின் பின்பக்கத்தை உடைத்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிக் கம்பியில் தொங்கவிட்டோம். ஒரு பக்கம் விளக்கு, நடுவில் தண்ணீர்ப் பல்ப், மறுபக்கம் ஒரு சாண் தள்ளி ரின். பல்ப் சுடரைக் குவித்து ஒரு புள்ளியாகக் குமிழில் விழுத்தியது, சூட்டைத் தண்ணீர் தன்னோடு வைத்துக்கொண்டது. எல்லாம் கட்டிலின் இடப்பக்கம் ஒரு முக்காலியில். இந்த முறை அக்கா மூன்று கிழமை சோதித்தார். விளக்கை வேண்டுமென்றே நூர்த்தார். போத்தலை வெந்நீரில் சூடாக்கி வைத்தார். ரின் ஒருதரமும் பொய் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம், பற்றறி மாற்ற நான் போயிருந்தேன். அக்கா குசினியில் அடுப்போடு நின்றார். ரின் கத்தியது.

"நூந்துபோச்சு, வாறன்."

"இல்லை அக்கா, எரியுது. நான் இஞ்சை வாசல்லை நிண்டு பாக்கிறன்."

"சொல்லிப்போட்டியள்" என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. முக்காலிப் பக்கம் குனியும்போது திரும்பக் கத்தியது. அவர் பல்பைத் தடவினார், பல்புக்கு அப்பால் தடவினார். குமிழுக்கு முன்னால் ஒரு கை இருந்தது.

தாயின் கை.

"துழாவுறா" என்றார். கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். திரும்பிக் குசினிக்கு நடந்தார். வாசலைத் தாண்டவில்லை, ரின் கத்தியது. வந்து, திரும்ப எடுத்து வைத்தார். இந்தத் தடவை போகவில்லை. நின்றார். கொஞ்ச நேரத்தில் போர்வை அசைந்து, கை மெதுவாக முக்காலிக்கு ஏறி வந்தது. ரின் கத்தியது.

அக்கா நிலத்தில் இருந்தார். கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, கையை எடுங்கோ."

சத்தம் நின்றது.

"நான் உங்கடை மகளோ?"

"கீ..."

"நான் முன்வீட்டு ரீச்சரோ?"

ரின் பேசாமல் இருந்தது. நாங்கள் காத்திருந்தோம். அது பேசவே இல்லை. அந்த மௌனத்தைப்போல ஒரு பெரிய பதிலை நான் பிறகு கேட்டதில்லை.

அக்கா தொடர்ந்து கேட்டார். "தண்ணி வேணுமோ?" மௌனம். "நோகுதோ?" மௌனம். "திருப்பிக் கிடத்தட்டோ?" மௌனம். "பிறகென்னத்துக்கு அம்மா கூப்பிட்டனீங்கள்? விளக்குக் காணாதோ? திரியைத் தூண்டட்டோ?" மௌனம். அவர் யோசித்தார். பிறகு, கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்கிறவர்போல மெதுவாக, "விளக்கை நூக்கட்டோ?" என்றார்.

"கீ..." என்றது. விடாமல் கத்தியது.

அவர் இன்னொருதரம் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். மூன்று தரமும் ஒரே பதில். விளக்கை ஊதினார். உடனே ரின் இருட்டுக்காகக் கத்தத் தொடங்கியது. பற்றறிக் கம்பியை நான் இருட்டில் தேட, அவர் "உங்கை இல்லை, இஞ்சை" என்று என் கையைத் தட்டிவிட்டுத் தானே பிடுங்கினார். அமைதியானது. கட்டிலில் இருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. பொதி இறக்கிய ஆள் விடுகிற மூச்சு.

மறுநாள் பகலில், யன்னல் வெளிச்சத்தில் ரின்னை வைத்துக் கேட்டார்: "இருட்டுக்குப் பயமில்லையோ?" கத்தியது. "புகையோ அம்மா, கண்ணுக்கை போறது?" நீளக் கத்தியது. தலைமாட்டில் எரிந்த மண்ணெண்ணெய்ப் புகை. ரீச்சர் கண்ட கண்ணீர் பயத்தில் வந்ததல்ல.

"மழையைத் தொட்டுப் பாத்தன், வயரை இழுத்துப் பாத்தன்" என்றார் அக்கா. "இதை மட்டும் ரீச்சர் சொன்னா எண்டு விட்டிட்டன்." அதற்கு மேல் அதைப்பற்றி அவர் கதைக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் பொழுதுபட்டால் விளக்கு வைப்பதில்லை. மகளுக்குத் தேவையில்லை, தாய்க்கு வேண்டாம். கதையெல்லாம் பகலில், யன்னலடியில். ஆனால் ஒழுங்கை இதை வேறு மாதிரிப் பார்த்தது. தனக்குக் கண் தெரியாததால் பெற்ற தாயையும் இருட்டில் போட்டிருக்கிறாள், எண்ணெய் மிச்சம் பிடிக்கிறாள் என்று கதை வந்தது. நான் போய்ச் சொல்லுகிறேன் என்றேன்.

"நீங்கள் சொன்னால் நம்புவினமோ? நானெண்டால் நம்பமாட்டன்."

கடைசியில் ரீச்சரே வந்தார். 1993, ஆடி அல்லது ஆவணி. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, யன்னலில் திரையாகக் கட்டிய சேலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கையில் அரைப் போத்தல் மண்ணெண்ணெய். அந்த நாட்களில் அரைப் போத்தலைக் கொடுக்கிற மனம் எல்லாருக்கும் வராது.

"பிள்ளை, நான் மறைச்சுக் கதைக்கத் தெரியாதவள். ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது. எண்ணெய் இல்லையெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாந்தானே? நோயாளி மனிசியை உப்பிடி இருட்டிலை விடலாமே?"

"என்னட்டைக் கேக்காதேங்கோ ரீச்சர். அம்மாட்டைக் கேளுங்கோ."

"உமக்கென்ன விசரே? அவவுக்கு நினைவெங்கை?"

"ஓமெண்டால் உது கத்தும். இல்லையெண்டால் கத்தாது. கேட்டுப் பாருங்கோ."

ரீச்சர் என்னைப் பார்த்தார். அவர் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுக் கட்டிலருகில் போனார். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கிற குரலில், "அம்மா, விளக்கு வேணுமே?" என்றார்.

ரின் பேசவில்லை.

"கேக்கேல்லைப் போலை."

"வேறை ஏதும் கேளுங்கோ."

"நான் ஆரெண்டு தெரியுதோ?"

"கீ..."

ரீச்சர் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு முகம் மாறியது. நாற்பது வருடம் பிள்ளைகளிடம் உண்மை வாங்கிய முகம். மகளைத் திரும்பிப் பார்க்காமல், தாயின் முகத்துக்கு நேரே குனிந்து, அந்த ஒழுங்கையே கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"சொல்லுங்கோ அம்மா. உங்கடை மகள் உங்களை நல்லாப் பாக்கிறாவோ?"

ரின் பேசவில்லை.

அக்கா சுவரோடு நின்றார். முகத்தை யன்னலுக்கு மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தாயின் கை முக்காலியிலிருந்து நழுவிப் போர்வைக்குள் விழுந்திருந்ததை நான் கண்டேன். அது திரும்ப ஏறத் தொடங்கியதையும் கண்டேன். விரல்கள் போர்வை மடிப்பைப் பிடித்தன, விட்டன, பிடித்தன. கட்டில் சட்டத்துக்கு வந்து அங்கே நின்று களைப்பாறின. அக்காவுக்கு அது ஒன்றும் தெரியாது. அவருக்கு அங்கே இருந்தது ஒரு மௌனம் மட்டுமே, மௌனம் என்றால் இல்லை என்பது அவரே வைத்த சட்டம். "கை வருது அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? நான் சொல்லி எதை நம்பினார்?

கை முக்காலியில் ஏறியது. குமிழை மூடியது.

ரின் கத்தியது. பற்றறி வலுவிழந்திருந்ததால் சத்தம் மெலிந்துகொண்டே போனது, ஆனால் கை எடுபடவில்லை. மெலிந்து, நூலாகி, பிறகும் கத்தியது. ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா சுவரை விட்டு அசையவில்லை.

"ரீச்சர்" என்றார். "இன்னொருக்காக் கேளுங்கோ."